சீர்வரிசையில் வந்த மணல்

புரட்டாசி, மூன்றாம் செவ்வாய். காலையில் தங்கைக்கு மூச்சிரைத்தது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.

வியாழன். நுரையீரலில் சளி கட்டியிருப்பதாகவும், முதுகெலும்பின் வளைவினால் நெஞ்சுக்கூடு விரிய இடம் போதவில்லை என்றும் மருத்துவர் கூறினார். பிற்பகலில் தங்கை பேசினாள். மாடி அறையில் குடியிருக்கும் பெண்ணின் குழந்தை என்ன செய்கிறது என்று கேட்டாள். நம் வீட்டு வாசலில் கொட்டியிருக்கும் மணலை அப்புறப்படுத்தச் சொன்னாள். பூச்சு வேலைக்கு மேஸ்திரி தீபாவளி கழித்து வருவார் என்று சொன்னேன். அதுவரை வைக்காதே என்றாள்.

வெள்ளி. பேசவில்லை.

சனி. விடியற்காலையில் இறந்தாள். மாலையில் ஏரிக்கரைச் சுடுகாட்டில் தகனம். பாடையை வழக்கமான நீளத்தில் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து அவள் உயரத்துக்கு மறுபடி கட்டினார்கள்.

நடந்தவை இவ்வளவே. இவற்றுள் ஒன்றுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படுகிறது. மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவள், கிடைத்த சிறிது மூச்சை மணலைப் பற்றிப் பேச ஏன் செலவிட்டாள்? அதற்கு நான் எனது எட்டாம் வயதின் ஒரு கோடைக்குப் போயாக வேண்டும்.

இன்று கார்த் தொழிற்சாலையின் மதிற்சுவர் நிற்குமிடத்தில் அன்று வேர்க்கடலை போட்டிருந்தார்கள். இதை ஏக்கத்தோடு சொல்லவில்லை. எங்கள் வீடு எங்கே இருந்தது என்பதற்கு ஓர் அடையாளமாகச் சொல்கிறேன். வீடு இன்றும் அங்கேதான் இருக்கிறது. மேலே தளங்கள் ஏறி, அறைகளாகப் பிரிந்து, ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. கீழ்க்கூடத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த நினைவு முழுவதும் அந்தத் தரையின்மேல் நடந்தது.

தங்கை பிறந்த புதிதில் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. பெரிய தலை, அகன்ற நெற்றி, தொடையிலும் புஜத்திலும் அடுக்கடுக்காகச் சதை மடிப்பு. பார்க்க வந்த எதிர்வீட்டு அம்மாள், "தொடைல வளையலு போட்டா மாரி கீது பாரு! இன்னாம்மா குடுக்குற இதுக்கு?" என்று வியந்து, கண் பட்டுவிடும் என்று தானே தரையில் துப்பிவிட்டுப் போனார். கைகால் எலும்பு நீளாததனால், நீளவேண்டிய தோல் மடிந்து கிடக்கிறது என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. செழிப்பு என்று நாங்கள் கொண்டாடியது அதைத்தான்.

ஓராண்டு கழிந்த பிறகு கொண்டாட்டம் குறைந்தது. எதிர்வீட்டுக் குழந்தை இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பிச் சாமி கும்பிட்டது. தங்கையையும் கும்பிடச் சொன்னார்கள். அவளும் மிகுந்த ஊக்கத்தோடு கைகளைத் தூக்கினாள். விரல் நுனிகள் காதின் மேல்விளிம்போடு நின்றுவிட்டன. அம்மா அந்தக் கைகளைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். அதன்பின் எங்கள் வீட்டில் சாமி கும்பிடும் விளையாட்டை யாரும் விளையாடவில்லை.

அவள் உட்காரவில்லை. தவழவுமில்லை. தவழ வேண்டுமானால் கைகளை ஊன்றி நெஞ்சையும் தலையையும் தரையிலிருந்து தூக்க வேண்டும். அந்தக் கைகளுக்கு அந்த உயரம் இல்லை. அந்தக் கழுத்துக்கு அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் வலுவும் இன்னும் வரவில்லை. ஆனால் அவள் கிடந்த இடத்திலேயே கிடக்கவுமில்லை. குப்புறப் படுத்து, நெற்றியைத் தரையில் ஊன்றி, பின்புறத்தை உயர்த்தி, பாதங்களால் உந்தித் தள்ளுவாள். தலை முன்னே வழுக்கிச் செல்ல, உடல் பின்னே வரும். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அவள் இப்படிப் போவதற்குள் அம்மா ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்துவிடலாம். ஆனாலும் போய்ச் சேர்வாள். சேர்ந்ததும் தலையைத் தரையிலேயே வைத்தபடி பக்கவாட்டில் திருப்பி, பார்த்தாயா என்பதுபோல என்னைப் பார்ப்பாள். எனக்கு அது விளையாட்டு. அவள் வழியில் கிடக்கும் செருப்பையும் சொம்பையும் அகற்றி வைப்பது என் பங்கு. அவள் நெற்றியின் நடுவில் தோல் சற்றே தடித்துப் பளபளத்தது.

பொறியியல் கல்லூரியில் இயக்கவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இன்று அந்த அசைவை என்னால் கரும்பலகையில் வரைந்து விளக்க முடியும். பளு முழுவதும் ஒரு முனையில், நெம்புகோல்களோ குட்டையானவை. தூக்க முடியாத பளுவை அவள் தரையிடமே ஒப்படைத்துவிட்டாள். மீந்திருந்த வலுவைக் கால்களுக்குக் கொடுத்தாள். அவளுக்கு வாய்த்த அளவுகளைக் கொண்டு அதைவிடச் சிக்கனமான ஒரு தீர்வை என் மாணவர் எவரும் தந்திருக்க முடியாது.

எங்கள் அத்தைக்கு அது தீர்வாகத் தெரியவில்லை. அப்பாவின் தங்கையான அவர் வாரந்தோறும் வந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டு அதே வருத்தத்தைப் புதிதுபோலச் சொல்வார். "ஊர்ல இருக்குற கொழந்தைங்கல்லாம் ஜம்முனு ஒக்காந்துகினு கீது. இது தலையாலயே வூட்டத் தொடச்சிக்கினு கீதே அண்ணே! நெத்தியக் கொண்டுபோயித் தரைல தேக்கலாமா? வூட்டுக்கு ஆவுமா?" அப்பா தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். அவர் செய்தித்தாளை மடிப்பார், மறுபடி விரிப்பார்.

இந்த நிலையில்தான் மொட்டையடித்துக் காது குத்த வைகாசியில் நாள் குறித்தார்கள். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். உட்காராத குழந்தையை எப்படி உட்கார வைப்பது என்பது வீட்டின் ஒரே கவலையாயிற்று. மடியில் துவண்டு விழுந்தால் உறவினர் அத்தனை பேரும் பார்ப்பார்கள். பார்த்தபின் பேசுவார்கள். அந்தப் பேச்சு படப்பையில் இருக்கும் உறவுகள் வரை போய்ச் சேர்ந்துவிடும். அம்மா அஞ்சியது அதற்குத்தான்.

மாமா லாரி ஓட்டுநர். உரத்த குரலும் பெரிய மனமும் உடையவர். செய்தி கேட்ட மறுநாளே வந்துவிட்டார். "அக்கா, மூக்க சிந்தாத. மடி எம்மடி தானே? ஒக்கார வெக்க வேண்டியது எம்பொறுப்பு." அடுத்த முறை வந்தபோது லாரியின் மூலையில் பாலாற்று மணல் கொண்டுவந்தார். பின்கட்டில் அதைக் கொட்டிவிட்டு, "சீர்ல மொதோ தட்டு இதான்" என்று சிரித்தார். தாய்மாமன் சீரில் மணல் வந்தது எங்கள் குடும்பத்தில் மட்டுமாகத்தான் இருக்கும்.

நடை தள்ளிப்போகும் குழந்தையை மணற்குழியில் இறக்கி நிறுத்துவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. பின்கட்டில் குழி தோண்டி, குழந்தையை உள்ளே இறக்கி, வெயிலில் காய்ந்த மணலைச் சுற்றிலும் தள்ளி அக்குள்வரை நிரப்பினார்கள். சூடு எலும்பைக் கெட்டிப்படுத்தும், மணல் முதுகை நிமிர்த்தும் என்பது கணக்கு. யாரும் அதைக் கொடுமை என்று நினைக்கவில்லை. கொடுமையாகச் செய்யவுமில்லை. மாமா மணலைச் சல்லடையில் சலித்தார். ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கினார். குழந்தையை இறக்குமுன் ஒரு பிடி மணலைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். அந்தக் கோடையில் அவளுக்குக் கிடைத்த அன்பு வேறெந்தக் குழந்தைக்கும் கிடைத்திருக்காது. தினமும் மாலையில், அக்குள்வரை, அன்பு.

குழிக்கு எதிரே உட்காருவது என் வேலை. அவள் தலையைக் குனியாதிருக்க நான் அவளைச் சிரிக்க வைக்க வேண்டும். வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். எங்கள் தலைமையாசிரியரைப்போல இருமினேன். அத்தையைப்போல நெற்றியில் அடித்துக்கொண்டேன். அத்தைக்குத்தான் மிகுந்த வரவேற்பு. தங்கை குலுங்கிச் சிரிப்பாள். சிரிக்கும்போது தலை பின்னே சாயும். சிரிப்பு நின்றதும் பொத்தென்று முன்னே விழும். மணலிலிருந்து தூக்கும்போது முதுகு ஒரு சிறு குன்றாகப் புடைத்து நிற்கும்.

"டேய், வுடாதடா! தலை வுழுது பாரு! இன்னொரு தபா இருமு!" என்று மாமா பின்னாலிருந்து கத்துவார். நான் இருமுவேன்.

வெளியே எடுத்து மணலைத் தட்டிக் கூடத்தில் விட்டதும் அவள் முதல் காரியமாக நெற்றியைத் தரையில் வைப்பாள். அதைப் பார்த்த மாத்திரத்தில் யாராவது ஓடிவந்து தூக்கி, தலையணைகளுக்கு நடுவே உட்கார வைத்து முட்டுக் கொடுப்பார்கள். வைகாசி பிறப்பதற்குள் அவள் தலையணைகளுக்கு நடுவே வளைந்தபடி உட்கார்ந்தாள். அம்மா அன்று பாயசம் வைத்தாள்.

காது குத்தும் நாளில் கூடம் நிறைந்துவிட்டது. மொட்டைத் தலை முழுவதும் சந்தனம் பூசி, பட்டுப் பாவாடை கட்டி, அவளை மாமாவின் மடியில் வைத்தார்கள். மாமா ஓர் உபாயம் செய்திருந்தார். பாவாடைக்கு உள்ளே புதுத் துண்டு ஒன்றைச் சுற்றி, அவள் நெஞ்சையும் தன் வயிற்றையும் சேர்த்துக் கட்டியிருந்தார். முன்னாலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு குழந்தை தாய்மாமன் மடியில் நேராக வீற்றிருப்பதுதான் தெரிந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு மட்டும் முடிச்சு தெரிந்துவிட்டது.

"இன்னா மச்சான், மருமவள கட்டிப்போட்டு வெச்சிகிற? எங்கனா ஓடிப்பூடுமா?"

"ஓடினா நீ தான் தொரத்திப் புடிக்கப்போறியா? தொப்பையத் தூக்கிக்கினு எந்திரிக்கவே ஒரு மணி நேரம் ஆவும். கம்முனு வெத்தல போடு."

கூடம் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், பல மாதங்களுக்குப் பிறகு. ஆசாரி இரு காதுகளையும் குத்தினார். தங்கை அழவில்லை. நல்ல குழந்தை என்றார்கள்.

பிறகு மாமா துண்டை அவிழ்த்து, அவளைப் பாயில் கிடத்திவிட்டு, பந்தியைக் கவனிக்க எழுந்துபோனார். நான் கூடத்தின் மறுகோடியில், வாசற்படி ஓரம் நின்றிருந்தேன். அவள் பார்வை என்மேல் விழுந்தது. பழக்கத்தினால் நான் அத்தையைப்போல நெற்றியில் அடித்துக்கொண்டேன். உடனே அவள் புரண்டாள். சந்தனத் தலையைத் தரையில் ஊன்றினாள். கிளம்பிவிட்டாள்.

உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே வந்தாள். வெற்றிலைத் தட்டை இடித்துத் தள்ளினாள். பட்டுப் பாவாடை காலில் சிக்கியது. நின்று, உதறி, மறுபடி உந்தினாள். சிவப்புத் தரையில் அவள் தலை கடந்த இடமெல்லாம் சந்தனம் மஞ்சள் கோடாக நீண்டது. கூட்டத்திலிருந்து ஒரு குரல், "நடுவூட்ல ஏரு ஓட்டுது பாருடா!" என்றது. சிரிப்பு வெடித்தது. அவளும் சிரிப்பைக் கேட்டுத் தலையைத் தரையில் வைத்தபடியே சிரித்தாள். அது தனக்கான பாராட்டு என்று நினைத்திருக்க வேண்டும். என் காலடிக்கு வந்து நின்றாள். முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

அப்பா வந்து தூக்கினார். திட்டவில்லை. வேட்டி முனையால் அவள் நெற்றியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். மாலையில் அத்தை தரையில் முழந்தாளிட்டு அந்த மஞ்சள் கோட்டைத் தேய்த்துக் கழுவினார்.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் குழி. நெற்றி தரையைத் தொட்ட மறுகணம் அவளைத் தூக்கினார்கள். தூக்குவது எல்லோருடைய வேலையுமாயிற்று. மழைக்காலம் வருவதற்குள் அவள் தலையைத் தரையில் வைப்பதை விட்டுவிட்டாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

அவள் வெகு தாமதமாக நடந்தாள். இப்படிப்பட்ட குழந்தைகள் தாமதமாகத்தான் நடப்பார்கள். தானாக நடக்கத் தொடங்கும்போது பெரும்பாலோருக்கு அந்த முதுகுப் புடைப்பு தானாகவே மறையும். அவளுக்கு மறையவில்லை. நாற்பதைக் கடந்தபின் கால்கள் மரத்துப்போகத் தொடங்கின. சென்னையில் ஒரு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, முதுகு வலுப்பெறுமுன் சிறு வயதில் முட்டுக் கொடுத்து உட்கார வைத்தார்களா என்று கேட்டாராம். அந்தக் குழிதான் காரணம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு நிரூபணம் கிடையாது. அன்று மாலை வீட்டுக்கு வந்து தங்கை என்னைக் கேட்டாள். நினைவிருந்ததைச் சொன்னேன்.

"நான் அழுதனாண்ணா?"

"இல்லை. சிரிச்ச."

"சிரிச்சனா?" என்றாள். சற்று நேரம் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா பண்ணிக் காட்டுன, அப்பிடி சிரிக்க?"

அத்தையைப்போல நெற்றியில் அடித்துக் காட்டினேன். அவள் மறுபடியும் சிரித்தாள்.

வீட்டின் அறைகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கு அவள் 'ஓனரக்கா'. சென்ற ஆண்டு சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில், கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் அவளை உற்றுப் பார்த்திருக்கிறாள். உற்றுப் பார்ப்பவர்கள் தங்கைக்குப் புதிதல்ல, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் பின்னாலேயே வந்து, "யக்கா, தப்பா நெனைக்காதிய. எம் புள்ளயக் கொஞ்சம் பாருங்க" என்று முந்தானையை விலக்கினாள். அவள் ஊர் திருநெல்வேலிப் பக்கம், கணவன் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தங்கை அந்தக் குழந்தையின் கையை எடுத்து விரல்களைப் பிரித்தாள். தங்கையின் கையில் இருப்பதுபோலவே நடுவிரலும் மோதிரவிரலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாளாம். "எங்க வூட்டுக்கு வந்துடு. மேல ரூம்பு காலியாத்தான் கீது" என்றாளாம்.

அந்தக் குழந்தை இப்போது மாடியறையின் டைல்ஸ் தரையில் நெற்றியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிறது. கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடி தங்கை அந்தச் சத்தத்தைக் கேட்பாள். "தோ, கெளம்பிட்டா" என்பாள். தாய்க்கு அவள் இட்ட கட்டளை ஒன்றுதான்: "யாரு இன்னா சொன்னாலும் நீயா புடிச்சி ஒக்கார வெக்காத. அதுக்குத் தெரியும்."

தீபாவளிக்கு அந்தப் பெண்ணின் மாமியார் ஊரிலிருந்து வருகிறார். செல்பேசியில் பேத்தியைப் பார்த்துவிட்டு, "புள்ளய ஏன் இப்பிடி மண்டையத் தேய்க்க விட்டிருக்கிய? வாசல்லயே மணலு குமிஞ்சு கெடக்குல்லா, நான் வந்து குழி தோண்டி நிப்பாட்டுதேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்போடுதான் சொல்லியிருக்கிறார். இதை அந்தப் பெண் தங்கையிடம் சொன்னது, ஆம்புலன்ஸ் வந்ததற்கு முந்தைய நாள்.

காது குத்திய அன்று பந்தி முடிந்து, விடைபெறும் உறவினர்களுக்கு நான் வாசலில் நின்று தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக என் கன்னத்தைத் தட்டி, "இன்னாடா, பாப்பா நடக்குதா?" என்று கேட்டார்கள். பாயிலிருந்து வாசற்படிவரை, அத்தனை முழங்கால்களுக்கும் நடுவே, அவள் தன் முழு வலுவோடு என்னைத் தேடி வந்து சேர்ந்த கோடு அப்போது இன்னும் ஈரமாகத் தரையில் கிடந்தது. அதை மிதிக்காமல் தாண்டி நின்றுகொண்டு, கேட்ட ஒவ்வொருவருக்கும் நான் உண்மை என்று நினைத்து ஒரே பதிலைச் சொன்னேன்.

"இல்ல. இன்னும் நடக்கல."

இன்னும் செய்யாமல் இருப்பவை:

கருமாதிக்கு மாமாவிடம் சொல்வது. அவருக்குக் காது கேட்பதில்லை. நேரில் போக வேண்டும்.

தங்கை தன் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்த சுவிட்சுகளை மேலே ஏற்றலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டதற்குப் பதில்.

மாடி அறைக் குழந்தையைச் சென்னை மருத்துவரிடம் அழைத்துப் போவது. போவதாக அவள் சொல்லியிருந்தாள்.

வாசல் மணல்.